பழைய கணக்கும் புதிய வாழ்வும்: மனந்திரும்புதல் என்று கிறிஸ்தவம் எதைக் கேட்கிறது?

கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்குச் சற்று வடக்கே இருக்கும் பீடோங், தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் பெரும்பகுதி செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போய்விட்டது. லயங்களில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்தவர்கள் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகளிலும்) மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியிருக்கிறார்கள். இருந்தாலும் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஒரு வாரத்துக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் தோட்டத்துப் பழக்கம் இன்னும் இருக்கிறது. 2010ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இந்துக்கள் 86 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே இம்மாதிரி ஊர்களில் ஒருவர் வேதத்தில் சேர்ந்துவிட்டார், அதாவது கிறிஸ்தவராகிவிட்டார், என்றால் அவரைச் சுற்றியிருக்கும் உறவினரும் அண்டை வீட்டாரும் பெரும்பாலும் அந்த நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர்கள். அவர்கள் அவரை ஒரு விதமாக அளப்பார்கள்: குடியை நிறுத்தினாரா, நம்பர் எடுப்பதை (லாட்டரிச் சூதாட்டத்தை) விட்டாரா, பெண்டாட்டி பிள்ளைகளை அடிக்காமல் இருக்கிறாரா. அவர் சேர்ந்த சபை வேறு விதமாக அளக்கும்: ஞானஸ்நானம் எடுத்தாரா, ஞாயிறு தவறாமல் வருகிறாரா, சாட்சி சொன்னாரா (தம் வாழ்வு மாறியதைச் சபைமுன் எடுத்துச் சொன்னாரா). இந்த இரண்டு அளவுகளிலும் உண்மை உண்டு. ஆனால் விவிலியமும் திருச்சபை வரலாறும் இவற்றோடு நிற்கவில்லை. பணம், உறவு, அதிகாரம் ஆகியவற்றில் நாம் பிறருக்கு வைத்திருக்கும் பாக்கியைத் தீர்ப்பதையும் மனந்திரும்புதலின் பகுதியாகவே அவை பார்க்கின்றன. அந்தப் பகுதிதான் பிரசங்கங்களில் குறைவாகப் பேசப்படுகிறது என்பதால் இந்தக் கட்டுரை அதையே விளக்க முயல்கிறது.

புதிய ஏற்பாட்டில் மனந்திரும்பச் சொல்லி முதலில் கூவுகிறவர் யோவான் ஸ்நானகன். யோர்தான் கரையில் அவரிடம் வந்த கூட்டம் அழுததா, நடுங்கியதா என்பதைப் பற்றி லூக்கா 3ஆம் அதிகாரம் ஒன்றும் சொல்லவில்லை. அது பதிவு செய்திருப்பது ஒரே கேள்வியைத்தான்: “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” மூன்று தரப்பினர் இதைக் கேட்கிறார்கள், மூவருக்கும் தனித்தனிப் பதில். பொதுமக்களுக்கு, இரண்டு அங்கி வைத்திருப்பவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும். வரி வசூலிக்கிறவர்களுக்கு, “உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்.” போர்ச்சேவகருக்கு, யாரையும் மிரட்டிப் பிடுங்காமலும் பொய்க்குற்றம் சாட்டாமலும் சம்பளத்தோடு நிற்கவேண்டும். வரி வசூலிக்கிறவனை அந்தத் தொழிலை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று யோவான் அழைக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். எந்தத் தொழிலில் எந்த இடத்தில் கை நீளுமோ, அந்த இடத்தைத் தொட்டுப் பேசுகிறார்.

தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பதில்களை மொழிமாற்றம் செய்து சொல்லத் தேவையே இல்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் கையில் வந்ததை எழுதும் கிராணி (எழுத்தர்), பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராத ஆளின் பெயரைச் செக்ரோலில் (சம்பளப் பதிவேட்டில்) ஏற்றிப் பங்கு கேட்கும் மண்டோர் (மேஸ்திரி), வாளியில் தண்ணீர் கலந்து எடையைக் கூட்டும் பால்வெட்டுத் தொழிலாளி: ஏமாற்றுவது ஒரு பக்கம் மட்டும் நடந்ததில்லை என்பதைத் தோட்டத்தை அறிந்தவர்கள் மறுக்கமாட்டார்கள். ஆனால் வாளித் தண்ணீரும் தராசு முள்ளும் ஒரே அளவு குற்றம் அல்ல. அதிகாரம் உள்ளவன் செய்வது நூறு குடும்பங்களின் மாதச் சம்பளத்தைத் தொடுகிறது. யோவானும் அங்கி வைத்திருப்பவனிடம் கேட்டதைவிட, முத்திரையும் ஈட்டியும் வைத்திருப்பவர்களிடம்தான் கறாராகப் பேசுகிறார். “உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்” என்ற வசனத்தைக் கூலி உயர்வு கேட்கும் தொழிலாளிக்கு எதிராக யாராவது எடுத்துப் பேசினால், அது ஆயுதம் தாங்கியவர்களுக்குச் சொல்லப்பட்டது என்பதை நினைவூட்டவேண்டும்.

சகேயுவின் கதை இதே லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஞாயிறு பள்ளியில் குள்ளமான மனிதன் காட்டத்தி மரத்தில் ஏறியதைப் பாட்டாகப் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அவன் எரிகோவில் ஆயக்காரருக்கு, அதாவது வரி வசூலிக்கிறவர்களுக்கு, தலைவன். ரோமருக்கு வரி திரட்டித் தருகிறவர்கள் தமக்கு மேலே கட்டவேண்டிய தொகைக்கு மேல் வசூலித்துத் தங்கள் வருமானத்தை எடுத்துக்கொள்ள இடம்கொடுத்த முறை அது. அதிலும் சகேயு கீழே ஆட்களை வைத்து வேலை வாங்கியவன். தன் சனத்தையே கசக்கி அந்நிய ஆட்சிக்குச் சேவை செய்தவன் என்ற வெறுப்பு அவன்மேல் இருந்தது. மலாயாவில் இதற்கு நெருக்கமான ஆளைத் தேடினால் பழைய கங்காணியைத்தான் சொல்லவேண்டும். தன் கிராமத்திலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தவர், தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு பெற்றவர், பலருக்குக் கடன் கொடுத்துக் கட்டிப்போட்டவரும்கூட. எல்லாக் கங்காணியும் கொடியவர் அல்லர். கோயில் கட்டியவர்களும் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் ஊரார் முகத்தில் சகேயு பார்த்திருக்கக்கூடிய பார்வை எப்படி இருந்திருக்கும் என்று நம்மவர்களுக்கு அந்த ஒப்பீட்டில் உடனே புரிந்துவிடும்.

அந்தக் கதையில் இறையியல் முழுவதும் நிகழ்ச்சிகளின் வரிசையில் இருக்கிறது. சகேயு எதையும் வாக்களிப்பதற்கு முன்பே இயேசு மரத்தடியில் நின்று, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்கிறார். ஊர் முணுமுணுக்கிறது. அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியது உண்டானால் “நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்” என்றும் சொல்கிறான். ஏற்றுக்கொள்ளுதல் முதலில், மாற்றம் பின்னால். நன்றாக நடந்துகொண்டால் கடவுள் சேர்த்துக்கொள்வார் என்ற கணக்கைக் கிறிஸ்தவம் இப்படித்தான் தலைகீழாக்குகிறது. கெட்ட குமாரன் கதையிலும் இதே வரிசைதான்: கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்று கேட்கப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு வருகிற மகன், அந்தக் கடைசி வரியைச் சொல்லி முடிப்பதற்குள் தகப்பன் வேலைக்காரரை அழைத்து உயர்ந்த வஸ்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறார். கூலியாக உழைத்துக் கழிக்கலாம் என்ற திட்டம் அங்கே எடுபடவில்லை.

இங்கேதான் பலருக்குக் குழப்பம் வருகிறது. கடவுள் இலவசமாக மன்னித்துவிட்டார் என்றால், நான் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கவேண்டியதும் அதில் அடங்கிவிட்டதா? இல்லை என்பதே விவிலியத்தின் பதில். கடவுளிடத்தில் கடன் தள்ளுபடியாகிறது. மளிகைக் கடையில் ஆவதில்லை. மோசேயின் சட்டம் இதைச் சில்லறைக் கணக்கு வரைக்கும் கொண்டுபோகிறது. ஆட்டைத் திருடி விற்றவன் ஒன்றுக்கு நான்காகவும், மாட்டைத் திருடியவன் ஐந்தாகவும் கொடுக்கவேண்டும் என்று யாத்திராகமம் 22 சொல்கிறது. ஒருவன் தானே உணர்ந்து அறிக்கை செய்தால், எண்ணாகமம் 5இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுத்தால் போதும். சகேயு தானாகவே முன்வந்தவன். ஐந்தில் ஒன்றோடு அவன் நிறுத்தியிருக்கலாம். பிடிபட்ட திருடனுக்கான விகிதத்தை அவன் தனக்குத்தானே விதித்துக்கொண்டான்.

மலைப்பிரசங்கத்தில் இயேசு வழிபாட்டையே இதற்காக நிறுத்தச் சொல்கிறார். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு வந்து செலுத்து என்பது மத்தேயு 5இல் உள்ள கட்டளை. கலிலேயாவிலிருந்து எருசலேமுக்குப் பல நாள் நடந்து வந்தவர்களுக்கு இதன் பாரம் என்னவென்று தெரிந்திருக்கும். ஞாயிறு ஆராதனைக்கு நடுவில் எழுந்து பக்கத்துத் தாமானுக்குப் போவதற்கே நமக்குத் தயக்கம்.

திருச்சபை இந்தப் போதனையை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அமைப்புகளில் நடைமுறைப்படுத்திப் பார்த்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) மனத்துயர், அறிக்கையிடுதல், பரிகாரம் ஆகிய மூன்றும் தேவை. குருவானவர் பாவமன்னிப்பு வழங்கினாலும், திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கடமை அதனால் நீங்குவதில்லை. ஆனால் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பரிகாரம் என்ற பகுதி காசாக மாறி, மன்னிப்புச் சீட்டு விற்பனையாகச் சரிந்தது. 1517இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய 95 கூற்றுகளில் முதலாவதே இதற்கு எதிரானதுதான்: இயேசு மனந்திரும்புங்கள் என்று சொன்னபோது, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்கவேண்டும் என்றுதான் கருதினார் என்பது அதன் சாரம். ஒரு நாளில் முடித்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளும் காரியம் அல்ல என்று அவர் சொன்னார். தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு வழியாக இந்தப் போதனை தமிழில் இறங்கியது. பிறகு கப்பலேறி மலாயா வந்த தமிழ் லுத்தரன்கள் அதை இங்கே கொண்டுவந்தார்கள்.

மெதடிஸ்ட் வழி இன்னும் அன்றாட வாழ்க்கைக்கு அருகில் வருகிறது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, தம் இதயம் விநோதமாக அனலடைந்ததாக நாட்குறிப்பில் எழுதினார். இந்த அனுபவத்தைச் சபைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறார்கள். அதைத் தொடர்ந்து வந்த கடினமான வேலையைச் சொல்வதில்லை. 1742இல் பிரிஸ்டல் நகரில் ஆராதனைக் கூடத்தின்மேல் இருந்த கடனை அடைக்க, உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, வாரம் ஆளுக்கு ஒரு பென்னி திரட்ட ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். காசு வாங்க வீடு வீடாகப் போன தலைவர்கள், சிலர் குடிப்பதையும், சிலர் வீட்டில் சண்டை நடப்பதையும் நேரில் பார்த்து வந்து சொன்னார்கள். வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார்: கடன் வசூலுக்கு வந்த ஏற்பாடு, ஒருவர் வாழ்க்கையை ஒருவர் வாரந்தோறும் விசாரிக்கும் வகுப்புக் கூட்டமாக மாறியது. மறுஆண்டு, 1743இல், அவர் வெளியிட்ட பொது விதிகளின் பட்டியலைப் படித்தால் எஸ்டேட் டவுன் ஒன்றுக்கு எழுதியது போலவே இருக்கிறது. குடிபோதை, மது வாங்குவதும் விற்பதும், சுங்கம் கட்டாத பொருளை வாங்குவதும் விற்பதும், அநியாய வட்டிக்குக் கொடுப்பதும் வாங்குவதும், திருப்பிக் கட்ட வழியில்லாமல் கடன் வாங்குவது, காசு கொடுக்க வழியில்லாமல் சரக்கு எடுப்பது ஆகிய எல்லாம் அதில் தடுக்கப்பட்டிருக்கின்றன. கள்ளச் சிகரெட்டும் சம்சுவும் (மலிவுச் சாராயமும்) ஆலோங் கடனும் (சட்டவிரோத வட்டிக்காரரின் கடனும்) உள்ள ஊரில் இதற்குத் தனி விளக்கவுரை வேண்டாம். 1885இல் சிங்கப்பூரில் வில்லியம் ஓல்டம் தொடங்கிய மெதடிஸ்ட் ஊழியம் தீபகற்பத்துக்கு வந்தபோது இந்த விதிகளும் உடன் வந்தன. இன்றைய வீட்டுக் கூட்டங்கள் வகுப்புக் கூட்டங்களின் வழித்தோன்றல்கள்தாம். ஆனால் பாட்டும் ஜெபமும் பலகாரமும் நிற்க, விசாரிப்பு மட்டும் பெரும்பாலும் கழன்றுவிட்டது என்பது என் கணிப்பு.

மளிகைக் கடைக் கடனை எடுத்துக்கொள்வோம். பழைய கடைகளில் 555 நோட்டுப் புத்தகம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒன்று இருக்கும்; அரிசி, சீனி, மண்ணெண்ணெய், சார்டின் டின் என்று தேதி வாரியாகப் பென்சிலில் எழுதி, சம்பளம் போட்டதும் கோடு கிழிப்பார்கள். குடியில் சம்பளம் கரைந்த ஒருவர், மூன்று மாதக் கணக்கை அப்படியே விட்டுவிட்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்; பல ஆண்டு கழித்து விசுவாசியாகி ஊருக்குத் திரும்பி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் நெற்றியில் திருநீறு, மேலே முருகன் படம், வயது கூடியிருக்கிறது.

“அண்ணே, பழைய பாக்கி ஒன்னு நின்னுபோச்சு. எவ்வளவுன்னு சொன்னீங்கன்னா குடுத்திருவேன்.”

“அதெல்லாம் எப்பவோ கிழிச்சுப் போட்டாச்சுப்பா. சாமி கும்பிடப் போறியாமே, நல்லா இரு.”

இந்த இடத்தில் அவருக்கு ஒரு நிம்மதி வரும், அதை நம்பக்கூடாது. புத்தகம் கிழிந்தால் கடன் கிழிவதில்லை. தமக்கு நினைவிருக்கும் தொகையை நேர்மையாகக் கணக்கிட்டு, ஐந்தில் ஒன்றைச் சேர்த்து, கடைக்காரர் மறுத்தாலும் மேசைமேல் வைத்துவிட்டு வருவதுதான் எண்ணாகமச் சட்டத்தின் போக்கு. கடைக்காரர் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளுக்கு. வாங்கிக்கொள்ள உறவினர் யாருமே இல்லையென்றால் ஆசாரியனிடம், அதாவது கடவுளுக்கென்று, என்று அந்த அதிகாரமே வழி சொல்லியிருக்கிறது. கடன் கொடுத்தவருக்குப் பணம் தேவையா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. சாட்சி சொல்லும்போது “நான் பழைய மனுஷன் இல்லை” என்கிறவர், அந்தப் பழைய மனுஷனின் கடன்களுக்கு வாரிசு யார் என்பதையும் சொல்லவேண்டும் அல்லவா.

குடிக்கு வருவோம். இதில் கிறிஸ்தவர்கள் ஒரு வரலாற்றுப் பணிவோடு பேசவேண்டும். தோட்டங்களில் கள்ளுக்கடைகளைக் காலனி அரசு உரிமம் கொடுத்தே நடத்தவிட்டது; கூலியில் ஒரு பங்கு அந்த வழியே திரும்பிப்போனது. அதை மூடச் சொல்லிப் பெரிய அளவில் போராடியவர்கள் மிஷனரிகள் அல்லர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் ஆர். எச். நாதன் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கும் கோரிக்கையோடும், கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் பட்டியலில் இருந்தது. போருக்குப் பின், இதே பீடோங் பக்கத்தில், ஹார்வார்ட் தோட்டத்து ஏ. எம். சாமி தொடங்கிய தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் செய்தது; அது 1947இல் போலீசாரோடு மோதலில் முடிந்தது. அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். ஆகவே, கிறிஸ்தவர்கள் மட்டுமே குடியை விடுகிறார்கள் என்ற சாட்சி மேடைப் பேச்சை, தொண்டர் படையின் பேரப்பிள்ளைகள் இருக்கும் ஊரில் சொல்லாமல் இருப்பது நல்லது. கிறிஸ்தவம் சொல்ல வருவது வேறு: விடுவதற்கான பலம் என்னிடமிருந்து வராதபோதும் வழி இருக்கிறது, விழுந்தவனுக்குத் திரும்ப இடம் இருக்கிறது என்பதே அது.

திரும்ப இடம் இருக்கிறதா என்ற கேள்வி திருச்சபைக்கு மிகப் பழையது. கி.பி. 250இல் ரோமப் பேரரசன் டேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டும் என்று ஆணையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஆபத்து நீங்கியதும் இவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். ரோமில் நோவாசியன் என்ற குரு சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் தலைமையில் 251இல் கூடிய மன்றம், குற்றத்தின் கனத்துக்கு ஏற்ற தவக்காலத்துக்குப் பிறகு சேர்க்கலாம் என்று முடிவு செய்தது. உடனே சேர்ப்பதும் இல்லை, ஒருநாளும் சேர்க்காததும் இல்லை. ஞானஸ்நானம் எடுத்து எட்டு மாதம் கழித்து மறுபடி சம்சு வாங்கக் கிளம்பியவரை என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் சபைகளுக்கு இந்த 3ஆம் நூற்றாண்டு முடிவு பயன்படும். அடுத்த ஞாயிறே ஒலிவாங்கியைக் கையில் கொடுப்பதும் தவறு, வாட்சாப் குழுவிலிருந்து நீக்குவதும் தவறு.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் உருவான குடிநோயாளர் சங்கமான ஏஏ, ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டவற்றில் முக்கியமானது இந்த ஈடுசெய்தல்தான். அதன் பன்னிரண்டு படிகளில் எட்டாவது, தீங்கு செய்த எல்லாருடைய பட்டியலையும் எழுதுவது. ஒன்பதாவது, முடிந்த இடத்தில் நேரடியாக ஈடுசெய்வது, அப்படிச் செய்வது அவர்களுக்கோ பிறருக்கோ கேடாக முடியும் இடத்தைத் தவிர. அந்தக் கடைசி விதிவிலக்கு அனுபவத்தில் பிறந்த ஞானம். பட்டியலில் மனைவி பெயர் எப்போதும் இருக்கும். சபையில் கைதட்டல் வாங்கும் சாட்சியில், “அவளை எத்தனை அடி அடிச்சிருப்பேன்” என்று மைக்கில் சொல்வது அவருக்கு விடுதலையாக இருக்கலாம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அம்மாளுக்கு அது இன்னொரு அடி. அவரிடம் அனுமதி கேட்கப்பட்டதா என்பதை முதலில் விசாரிக்கவேண்டியவர் போதகர். வன்முறை நடந்த வீட்டில் ஈடுசெய்தல் என்பது உடனே சேர்ந்து வாழ்வது என்று பொருள்படாது. தனியாக இருந்துகொண்டு, மாதச் செலவை ஒழுங்காகக் கொடுப்பதே சில சமயம் மனந்திரும்புதலின் சரியான கனியாக இருக்கும்.

குடும்பத்தைத் தொட்ட பிறகு, மாறவேண்டாதவற்றைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். முதல் நூற்றாண்டில், ஏறத்தாழ கி.பி. 49இல், எருசலேமில் கூடிய சங்கம், யூதரல்லாதவர்கள் கிறிஸ்தவராவதற்கு முதலில் யூதராகவேண்டியதில்லை என்று முடிவு செய்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 15 பதிவு செய்கிறது. விருத்தசேதனம் வேண்டாம் என்றானது. அதே நியாயத்தில், தமிழர் கிறிஸ்தவராவதற்குத் தமிழ்ப் பெயரையோ சேலையையோ பூவையோ விடவேண்டியதில்லை. பவுல் 1 கொரிந்தியர் 7இல், நம்பிக்கையில்லாத மனைவி சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடாதே என்கிறார். 8ஆம் அதிகாரத்தில் சிலைகளுக்குப் படைத்த உணவைப் பற்றிய கேள்வியைச் சட்டமாக முடிக்காமல், பக்கத்தில் இருப்பவனின் மனச்சாட்சியைப் பார்த்து நட என்று விட்டுவிடுகிறார். தைப்பூசத்தன்று பக்கத்து வீட்டிலிருந்து வரும் பாத்திரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறவர்கள் அந்த அதிகாரத்தை முழுதாக வாசிக்கலாம். எப்படி முடிவெடுத்தாலும் முகம் சுளிக்காமல் எடுக்கலாம்.

ஆகக் கடினமானது இழவு வீடு. மூத்த மகன் கிறிஸ்தவராகிவிட்டார், தகப்பனார் இறந்துவிட்டார், கொள்ளி வைப்பது யார்? இதற்குச் சபைகள் ஒரே பதில் சொல்வதில்லை. சடங்கில் பங்கெடுக்காமல் தோள் கொடுக்கலாம் என்பார்கள் சிலர். தம்பியிடம் விட்டுவிட்டு முன்வரிசையில் நிற்கலாம் என்பார்கள் சிலர். என்னைவிடத் தகப்பனையும் தாயையும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்ற இயேசுவின் கடுமையான வாக்கை மறைத்துவிட்டுப் பேசமுடியாது. விசுவாசம் சில நேரம் உறவில் வலியைக் கொண்டுவரும். ஆனால் அதே இயேசு மாற்கு 7இல், பெற்றோருக்குப் போகவேண்டியதைக் கொர்பான், அதாவது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தப்பித்தவர்களை மாயக்காரர் என்று திட்டுகிறார். தகப்பனாரின் டயாலிசிஸ் செலவில் பங்கெடுக்காதவர், அவருடைய சாவு வீட்டில் மட்டும் வசனம் பேசினால் அவருக்கு உரியது இரண்டாவது வாக்குத்தான். சடங்கை மறுக்கும் உரிமை, உயிரோடு இருக்கும்போது செய்யவேண்டியதைச் செய்தவருக்கு இருக்கிறது.

சாதியைப் பற்றிச் சுருக்கமாக. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதிய சுற்றறிக்கையில் சாதி வேறுபாட்டை உறுதியாக, உடனடியாக, இறுதியாகக் கைவிடவேண்டும் என்று கட்டளையிட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். நற்கருணைக்குத் தனிப் பாத்திரம் வேண்டுமென்று கேட்ட காலம் அது. பாட்டாலும் பக்தியாலும் தமிழ்க் கிறிஸ்தவம் இன்றும் கடன்பட்டிருக்கும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்தை ஆதரித்துத்தான் நின்றார். பக்தி ஆழமாக இருப்பதும் அந்த ஒரு விஷயத்தில் மாறாமல் இருப்பதும் ஒரே மனிதரில் கூடும் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டாம். தோட்டத்து லயங்களில் ஒரே கூரையின்கீழ் இருந்தும் கோயில் மரியாதையிலும் பெண் கொடுப்பதிலும் சாதி பார்த்தவர்களின் பிள்ளைகள் நாம். கல்யாணத் தரகரிடம் “வேதக்காரங்களா இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்தில் ஊரையும் வகையறாவையும் கேட்கிற வழக்கம் இன்னும் தீர்ந்துவிடவில்லை.

கடைசியாக, இன்றைய தோட்டம். பால்வெட்டுக்கும் செம்பனைக் குலை வெட்டுக்கும் இப்போது பெரும்பாலும் வருகிறவர்கள் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இந்தியரும். நேற்றுக் கூலியாக இருந்த குடும்பங்களிலிருந்து இன்று கண்ட்ராக்டர்களும் மண்டோர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு, சிலர் சபைக்குத் தாராளமாகக் கொடுக்கிறவர்கள். தொழிலாளர்களின் கடப்பிதழ்களை வாங்கி அலமாரியில் பூட்டிவைப்பது பல இடங்களில் சாதாரண வழக்கம். 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி பிறருடைய கடப்பிதழைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம். “ஓடிப்போயிடுவான்ல” என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். கங்காணி கடன் கொடுத்துக் கட்டிவைத்ததற்கும் இதே காரணம்தான் சொல்லப்பட்டது. “உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று யாக்கோபு 5 சொல்வதைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிது. காணிக்கைப் பை எந்த வரிசையில் கனக்கிறது என்பது போதகருக்குத் தெரியும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட ஒரு கண்ட்ராக்டர் உண்மையாகவே மனந்திரும்பினால் அது எப்படி இருக்கும் என்பதற்குக் கற்பனை தேவையில்லை, கணக்கு போதும். முதல் நாளில் கடப்பிதழ்கள் அவரவர் கைக்குப் போகும். பிறகு சம்பளப் புத்தகம் திறக்கப்படும். வெளிநாட்டுத் தொழிலாளர் லெவியை (அவர்களை வேலைக்கு வைக்க அரசுக்குக் கட்டும் வரியை) 2018 தொடக்கத்திலிருந்து முதலாளியே கட்டவேண்டும். தோட்டத் துறைக்கு அது ஆண்டுக்கு 640 வெள்ளி (ரிங்கிட்). அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்திருந்தால், எண்ணாகமம் 5இன்படி ஐந்தில் ஒரு பங்கான 128 வெள்ளியைச் சேர்த்து, ஆளுக்கு, ஆண்டுக்கு, 768 வெள்ளி திருப்பிக் கொடுக்கவேண்டும். சகேயுவின் விகிதத்தை எடுத்துக்கொண்டால் 2,560 வெள்ளி. பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டவர்களுக்கும் இது பொருந்தும். கூட வேலை செய்தவர்களின் கைப்பேசியில் அவர்கள் எண் இருக்கும், டாக்காவுக்கும் காட்மாண்டுவுக்கும் பணம் அனுப்பும் கடை பக்கத்து டவுனிலேயே இருக்கிறது.